இழுத்தும் அறுபடாத சங்கிலி

கல்யாணத்தில் அப்பா எனக்குப் போட்ட சங்கிலி பித்தளை என்பது சித்திரை வெயிலில்தான் எனக்குத் தெரிந்தது. கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு விழுந்திருந்தது. தேய்த்துக் குளித்தேன், மறுநாளும் வந்தது. சங்கிலியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்துவிட்டுக் கையை மோந்து பார்த்தேன். கோயில் மணியைத் தொட்ட கைபோல வாடை அடித்தது. தங்கத்துக்கு வாடை கிடையாது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பாத்திரம் விளக்கும்போது கொஞ்சம் புளியை எடுத்துச் சங்கிலியின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தேன். அந்தப் பக்கம் பித்தளைத் தவலை மாதிரி பளபளத்தது. இரண்டு பக்கமும் வேறு வேறு நிறமாக இருந்தால் வீட்டில் கேட்பார்கள் என்று மறு பக்கத்தையும் தேய்க்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெயும் சங்கிலிக்குப் புளியும் என்று வழக்கமாகிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வெள்ளானூரில் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்து, பிறகு ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அவரை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று நான் நம்பினேன். என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் லேத் ஓட்டினார். நாள் முழுக்க இரும்பும் பித்தளையும் கடைபவர், என் கழுத்தை மட்டும் கவனித்ததில்லை.

அந்த வருஷம் பூந்தமல்லியில் ஒரு காதுகுத்துக்கு மாமியாரும் நானும் போய்விட்டு, திரும்புகாலில் கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றோம். பின்னாலிருந்து ஒருவன் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். தங்கமாக இருந்தால் ஒரே இழுப்பில் அறுந்து அவனோடு போயிருக்கும். இது அறுபடவில்லை. அவன் இழுக்க, சங்கிலியோடு நானும் பெட்டிக்கடை வரைக்கும் போனேன். அங்கே கொக்கி வாய் திறந்து சங்கிலி அவன் கைக்குப் போனது. அதற்குள் கடைக்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, "செயின் யாரு செஞ்சு போட்டது?" என்று கேட்டார். அப்பா என்றேன். நாளைக் காலையில் அவர் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்றார்.

மறுநாள் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேஜைமேல் கிடந்த சங்கிலியைப் பார்த்து, "எம் பொண்ணுதுதான் சார். தங்கம்" என்றார்.

மூலையில் குந்தியிருந்த திருடன் எழுந்துவிட்டான். "சார், சார், அது பித்தளை சார்! தங்கம்னு எழுதாதீங்க சார், கேசு பெருசாயிடும். தங்கம்னா இந்த இழுப்புக்கு வராம இருக்குமா? கை அறுத்துகிச்சு பாருங்க சார்." சிவந்துபோன விரல்களை எல்லோருக்கும் காட்டினான்.

"திருட்டுப் பய பேச்சக் கேக்காதீங்க சார்" என்றார் அப்பா.

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த ஏட்டு, பக்கத்துத் தெரு ஆசாரியை அழைத்துவரச் சொன்னார். ஆசாரி கறுப்பு உரைகல்லையும் சின்ன திராவக பாட்டிலையும் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டார். வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் கல்லையே பார்த்தார். அவரை யாரும் ஏமாற்றவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆசாரி சங்கிலியைக் கல்லில் உரசினார். மஞ்சளாக ஒரு கீற்று விழுந்தது. அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். கீற்று பச்சையாக நுரைத்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"பித்தளைங்க. மேல இருந்த பூச்சும் போயிடுச்சு" என்றார்.

"நான் சொன்னேன்ல சார்" என்றான் திருடன்.

"நீ குந்துடா" என்ற ஏட்டு, அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னோடு வந்திருந்த மாமியார் முன்னால் வந்தார்.

"அய்ய, அது நாங்க வாங்கிக் குடுத்த கவரிங் சார். சம்மந்தி போட்ட தங்கம் ஊட்ல பொட்டியில கீது. பஸ்ஸுல போவ எவளாச்சும் தங்கத்த மாட்டிக்கினு வருவாளா? ரெண்டும் ஒரே மாதிரி. பாவம், அவரு தன்னுதுன்னு நெனச்சுட்டாரு."

"அத நேத்தே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"நேத்து நீங்க கேக்கலியே சார்."

ஏட்டு கவரிங் என்றே எழுதிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் மாமியார் மூன்று டீ சொன்னார். அப்பா டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். "குடிங்க சம்மந்தி, ஆறிடப் போவுது" என்றார் மாமியார். அப்பா குடித்தார். சட்டையில் கொஞ்சம் சிந்திக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

பஸ்ஸில் நான் கேட்டேன். "அத்தே, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்தன்னிக்கே. கையில வாங்கினப்பவே கனமில்ல."

"அப்பவே ஏன் கேக்கல?"

மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கேட்டிருந்தா, நாங்க ஒனக்குப் போட்ட வளையல ஒங்க அப்பாவும் கேட்டிருப்பாரு."

அந்த வளையல்களை மாமியார் வீட்டுத் தங்கம் என்று நான் அதுவரை கழற்றக்கூடப் பயப்படுவேன். பஸ்ஸிலேயே மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனேன். மாமியார் என்னைத் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பொங்கலுக்கும் தம்பியைத்தான் அனுப்பினார். எனக்கு மகன் பிறந்த பிறகு ஒருநாள் கோவில்பதாகையில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மாமியாரிடம் நீட்டினார். உள்ளே அரிசிமணிகூடத் தேறாத கனத்தில் ஒரு குழந்தை மோதிரம்.

"கடையில எம் முன்னாடியே ஒரசிப் பாத்து வாங்கினேன்மா. வேணும்னா நீங்களும் ஒரு தபா..."

"இன்னாத்துக்கு? கொயந்த கைய நீட்டிக்கினு கீது பாருங்க. மாட்டி உடுங்க" என்றார் மாமியார். மோதிரத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

அப்பா மாட்டிவிட்டார். அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார்; இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே தங்கத்தை மகன் அடுத்த வாரமே எங்கேயோ தொலைத்துவிட்டான். மாமியாரும் நானும் வாசல் மண்ணைச் சலித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அப்பா வரும்போதெல்லாம், மோதிரம் விரலுக்குச் சின்னதாகிவிட்டது, எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றே சொல்லிவந்தோம்.