பேக்கரி வாசலுக்குப் போட்ட பலகைகள்

வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். அப்பாவின் பேக்கரி ஆற்றோரத்தில் இருந்தது. வீடு வீதிக்கு அந்தப் பக்கம், சற்று மேட்டில். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாரிமழையில் ஆறு பெருகி, பாண் சுடும் போறணைக்குள் புகுந்துவிட்டது. சூடாக இருந்த போறணையில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தளம் படாரென்று வெடித்தது. ஒரு மாதம் ஊருக்குப் பாண் இல்லை. அப்பா அதைத் தன் சொந்தக் குற்றம் போல எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாரிக்கு முன்னே அவர் தயாராகிவிட்டார். மூன்று வாசல்களிலும் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்துச் சீமெந்து பூசினார். அந்தச் சட்டங்களுக்குள் பனம்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார். இடுக்குகளுக்குப் பழைய டியூப் ரப்பரை நீளநீளமாக வெட்டிக் கொடுத்தது நான். பலகைகள் என் நெஞ்சு உயரத்துக்கு வந்தன. உள்ளே போக வேண்டுமென்றால் ஏறிக் குதிக்க வேண்டும். எங்கள் பேக்கரிக்குள் இனி ஆறு வராது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மழை விடாமல் பெய்தது. குளங்களின் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் பலகைகளின் பாதிக்கு மேல் நின்றது. உள்ளே கசிந்ததை அம்மா வாளியால் அள்ளி வெளியே ஊற்றினார்; அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனங்களுக்கு எங்கள் பாண்தான் போனது. தோணியில் போகிறவர்கள்கூட நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அன்று காலை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, மேசன். பலகையைத் தாண்டி உள்ளே வந்தவர் பாணைப் பார்க்கவில்லை, போறணையைப் பார்க்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

“அத்தான், பலகையைக் கழட்டுங்க.”

“என்ன மச்சான் சொல்றாய்? கழட்டவா இவ்வளவு பாடுபட்டுப் போட்டன்?”

“வெளிய இடுப்பளவு தண்ணி. உள்ளுக்கு ஒண்டுமில்ல. இது பழைய சுவர், அத்தான். அந்தப் பாரத்தத் தாங்காது. தண்ணிய நாமளே உள்ளுக்கு விட்டா ரெண்டு பக்கமும் சரியாயிரும். சுவர் விழுந்தா போறணையும் போயிரும்.”

அப்பாவும் சுவரில் கை வைத்துப் பார்த்தார். பிறகு, “நெருப்ப வெளிய எடுங்க. போறணை முதல்ல ஆறட்டும்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவது போல இருந்தது. பலகைகள் ஊறிச் சட்டத்தோடு இறுகிப்போயிருந்தன. நெம்பி எடுக்க அலவாங்கு வேண்டும். அந்தக் கனத்த இரும்புக் கடப்பாரை கதவுக்குப் பின்னால் ஒரு கொளுக்கியில் தொங்கும். எல்லோரும் கடைசிப் பாணைத் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அதை இழுத்துக்கொண்டு போய் விறகடுக்குக்கு அடியில் தள்ளினேன்.

மத்தியானம் தாண்டியதும் அப்பா அலவாங்கைத் தேடினார். இல்லை. அம்மா தேடினார். நானும் தேடினேன், மற்றவர்களைவிட மும்முரமாக. மாமா மாவறைக்குள் போய் மூட்டைகளைப் புரட்டினார். அப்போது உள்ளே ஏதோ கிழிவது போல ஒரு சத்தம். மாமா வெளியே பாய்ந்து விழுந்தார். அவர் நின்ற இடத்துக்கு நேரே சுவர் நீளமாகப் பிளந்து, தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

அப்பா கோடாலியை எடுத்தார். தானே சீவி, தானே இறக்கிய பலகைகளைத் தானே கொத்திப் பிளந்தார். ஆறு ஆரவாரமில்லாமல் உள்ளே வந்து, முதலில் என் முழங்காலைத் தொட்டது. பிறகு இடுப்பை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டார். பிளந்த சுவர் விழவில்லை. ஆறியிருந்த போறணைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“அலவாங்க எங்க அத்தான் வெச்சீங்க?” என்று மாமா கேட்டார். அவருடைய முழங்கையில் இரத்தம் கசிந்தது.

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. “தோணியில கொண்டு போனன் போல கிடக்கு. ஆத்துக்குள்ள விழுந்திருக்கும்” என்றார். அதன் பிறகு எத்தனையோ வருடம், எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா அதைச் சொல்லிச் சிரிப்பார். ஒரு சாமானை வைத்த இடம் மறந்ததாக அப்பாவைப் பற்றி ஊரில் வேறு யாரும் சொன்னதில்லை.

கடலோரம் ஆற்றுவாயை அடைத்திருந்த மணல்மேட்டை வெட்டிவிட்டதும் தண்ணீர் மளமளவென்று வடிந்தது. முதல் வேலையாக விறகடுக்குக்கு அடியில் கையைவிட்டுப் பார்த்தேன். வெறும் சேறு. கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், அலவாங்கு அதே கொளுக்கியில் தொங்கியது, துரு துடைத்து, எண்ணெய் பூசி.

பிள்ளையார்தான் என்னைக் காப்பாற்றினார் என்று முடிவு செய்தேன். மாமாவுக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்கும் சேர்த்து, கோயிலில் ஒரு தேங்காய் உடைக்க நேர்ந்துகொண்டேன். அந்தத் தேங்காயை அப்பாவிடம்தான் கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. இரண்டு மூன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்து, நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கையில் தந்தார்.