டூரினிலிருந்து அண்ணனைக் கூட்டிவரப் போன ஆர்ஜியா

செத்த பிறகு ஆர்ஜியாவை எல்லோரும் தங்கமான மனுஷி என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது இதே வாய்கள்தான் அவளைக் கஞ்சப் பிசினாறி என்றன. இரண்டும் சரிதான். நாற்பது வருஷம் நானும் அவளும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தோம். அவள் மூக்குச் சிந்தினால்கூட எனக்குக் கேட்கும். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அவள் ஆட்ரியா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரொட்டிக்கடைக்காரன் ஒருவன் இரண்டு வருஷம் சுற்றிச் சுற்றி வந்தான். "எங்க அம்மாவும் கூட வருவாங்க, சம்மதமா?" என்று கேட்டாள். அதோடு அவன் காணாமல் போனான். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, அவன் ரொட்டியும் கல் மாதிரிதான் இருக்கும்.

அவளுக்கு ஒரே அண்ணன், ஒரெஸ்தே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் போ நதி கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகளை லாரிகளில் ஏற்றி நாலு திசைக்கும் அனுப்பினார்கள். ஆர்ஜியாவுக்கு அப்போது ஒன்பது வயசு. அவள் ஆறு மாதத்தில் திரும்பிவிட்டாள். பதினாலு வயசு ஒரெஸ்தே டூரினில் ஒரு குடும்பத்தோடு இருந்தான். அங்கேயே வார்ப்பு வேலைக்குப் போனான், திரும்பி வரவே இல்லை. வருஷத்துக்கு ஒரு கடிதம், கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா மிட்டாய், அவ்வளவுதான். எண்பத்தெட்டாம் வருஷம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். சவப்பெட்டியை அங்கேயிருந்து வண்டி வைத்துக் கொண்டுவர இவர்களுக்கு வசதி இல்லை. அங்கேயே புதைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து அம்மாவுக்கும் முடிவு வந்தது. நானும் அந்தக் கட்டிலோரம் நின்றிருந்தேன். கிழவி ஆர்ஜியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை எம்பக்கத்துல கொண்டாந்து வை. அந்த ஊர்ல தனியா விட்டுடாதே" என்றாள். இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

தரையில் புதைத்தவர்களைத் தவணை முடிந்ததும் தோண்டி எடுத்து, எலும்பைச் சின்னத் தகரப் பெட்டியில் போட்டு வீட்டாரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். யாரும் வரவில்லை என்றால் பொதுக்குழியில் கொட்டிவிடுவார்கள். டூரினில் அந்தத் தவணை இருபது வருஷம். ஆர்ஜியா அதற்குத்தான் காத்திருந்தாள். சவப்பெட்டிக்குத்தானே வண்டி வேண்டும்? எலும்பு மடியிலேயே வந்துவிடும்.

இரண்டாயிரத்தெட்டு பிப்ரவரியில் டூரின் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தோண்டுகிறார்களாம்.

"நீ கூட வரணும் நீவெஸ்" என்றாள்.

"எதுக்கு? எனக்குப் படிக்கவும் தெரியாது, உங்க அண்ணனையும் தெரியாது."

"உனக்குச் சண்டை போடத் தெரியுமே. ஆபீஸ்காரன் ஏதாவது சொன்னா நான் அழுதுடுவேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. போனேன்.

வேகமான ரயில் பக்கமே அவள் போகவில்லை. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டிதான், அதுவும் ஒன்றல்ல, நாலு வண்டி. எங்கள் ஊர்க் குழாய்க்காரனிடம் சொல்லி ஒரு துத்தநாகப் பெட்டி செய்து வைத்திருந்தாள். அதைப் போர்வையில் சுற்றித் தலைக்கு மேலே வைத்தோம். வெங்காய ஆம்லெட் வைத்த ரொட்டி ஆறு இருந்தது. அதையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

"ஏண்டி, வெட்கமா இல்ல? அது உங்க அண்ணன் படுக்கப்போற இடம்!"

"இப்போ காலியாத்தானே இருக்கு? தனியா ஒரு பை எதுக்கு?"

போலோன்யா தாண்டியதும் டிக்கெட் பார்க்கிற பெண் வந்தாள். ஏறுவதற்கு முன்னால் டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் விட்டு முத்திரை குத்த வேண்டும். ஒரு இடத்தில் வண்டி மாற ஓடின ஓட்டத்தில் மறந்துவிட்டோம்.

"பாட்டி, இதுல முத்திரை இல்லையே. அபராதம் போடணும்."

"போடும்மா. நாலு ஸ்டேஷன்ல நாலு மிஷினு, எதை எங்க குத்தினேன்னு நினைவு வெச்சுக்க எனக்கென்ன உன் வயசா?" என்றேன் நான்.

அவள் மேலே இருந்த பெட்டியைப் பார்த்தாள். போர்வை நழுவியிருந்தது. "அது என்ன?"

"அண்ணனைக் கூட்டிட்டு வரப் போறேன்" என்றாள் ஆர்ஜியா. "அவனுக்குப் பெட்டி."

அந்தப் பெண் பேனாவை எடுத்து டிக்கெட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டூரினில் கன்னியர் மடத்து விடுதியில் ஒரு ராத்திரிக்கு இடம் சொல்லியிருந்தோம். பொழுது இருந்ததால் ஆற்றங்கரைக்கு நடந்தோம். ஆர்ஜியா பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தாள்.

"இதுவா போ? நம்ம போ நதியா?"

"பின்னே வேற எது?"

"இத்துனூண்டுதான் இருக்கு." ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒரெஸ்தே தினமும் இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருப்பான். இந்தத் தண்ணி நேரா நம்ம ஊருக்குத்தான் போகுதுன்னு அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

காபிக்கடையில் உட்கார்ந்தால் விலை கூட, அதனால் நின்றபடியே குடித்தோம். அவள் கால் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கி நின்றது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று டாக்டர் ஒரு வருஷமாகச் சொல்லிவந்தார். கத்தி என்றாலே இவளுக்கு நடுக்கம். ஆஸ்பத்திரி ரத்தத் துணியை முப்பது வருஷம் பார்த்தவள் அல்லவா.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில் எங்களைப் போல ஏழெட்டுக் குடும்பங்கள் நின்றிருந்தன. தோண்டுகிறவர்களில் பெரியவர் பெயர் கொசிமோ, தெற்கே பூல்யா பக்கத்துக்காரர். அவரும் டூரினுக்குப் பிழைக்க வந்தவர்தான். தோண்டினார், மூடியைத் தூக்கினார், குனிந்து பார்த்தார். பார்த்த உடனே மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"அம்மா, இன்னும் ஆகலை."

"என்ன ஆகலை?"

"உடம்பு அப்படியே இருக்கு. இங்க களிமண்ணு. காத்தும் போகாது, தண்ணியும் வடியாது. பத்துல மூணு பேர் இப்படித்தான் வர்றாங்க."

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. எங்கள் ஊர் மண் மணல். பத்து வருஷத்தில் ஆளைக் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி திருப்பிக் கொடுத்துவிடும். என் புருஷன் எத்தோரேயை எடுத்தபோது வெள்ளைவெளேரென்று இருந்தார். உயிரோடு இருந்தபோது அவரை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை. எல்லா ஊர் மண்ணும் எங்கள் மண் மாதிரிதான் என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

"நான் பார்க்கணும்" என்றாள் ஆர்ஜியா.

"வேண்டாம்மா."

"அவன் கால் பக்கம் மட்டும்."

கொசிமோ என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கால்மாட்டில் கொஞ்சம் தூக்கினார். சாம்பல் நிறத்தில் கம்பளிக் காலுறை தெரிந்தது.

"அம்மா பின்னி அனுப்பினது" என்றாள். அழவில்லை.

கொசிமோ மெதுவாக எடுத்துச் சொன்னார். இரண்டு வழிதான் உண்டு. இன்றே கையெழுத்துப் போட்டால் எரித்துவிடுவார்கள், நாலைந்து நாளில் சாம்பல் கிடைக்கும். இல்லையென்றால் வேறு இடத்தில் திரும்பப் புதைப்பார்கள், அதற்கு ஐந்து வருஷம். மதியத்துக்குள் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்தோம். காலிப் பெட்டி நடுவில் இருந்தது.

"எரிச்சிடு" என்றேன். "இப்பல்லாம் சாமியாரே ஒண்ணும் சொல்றதில்லை."

"சாமியாருக்குச் சம்மதம்தான். அம்மா சாகற வரைக்கும் எரிக்கறது பாவம்னு சொன்னாங்களே. அவங்க பக்கத்துல சாம்பலைக் கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?"

"உங்கம்மா செத்து பதினேழு வருஷம் ஆச்சு. அவங்களுக்கு இப்போ கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. எலும்பா சாம்பலான்னு எழுந்து வந்து பார்க்கப் போறாங்களா?"

"வாயை மூடு நீவெஸ்."

"மூட மாட்டேன். சண்டை போடத்தானே கூட்டிட்டு வந்தே? அஞ்சு வருஷம் இருப்பேன்னு உனக்கு யாரு எழுதிக் குடுத்தது? உன் காலைப் பாரு, பூசணிக்காய் மாதிரி இருக்கு. மாடி ஏறினா நாய் மாதிரி இரைக்கறே. அடுத்த வருஷம் நீ போயிட்டா அவனைப் பொதுக்குழியில கொட்டுவாங்க. அப்போ உங்கம்மாகிட்ட என்ன சொல்லுவே?"

அவள் திரும்பிக் குழிகள் பக்கம் பார்த்தாள். கொசிமோ அடுத்த குழியைத் தோண்டிக்கொண்டிருந்தார். அதில் எல்லாம் சரியாக இருந்தது போலிருக்கிறது. ஒரு குடும்பம் சிலுவை போட்டுக்கொண்டது.

"மாத்திக்கறேன்" என்றாள்.

"எதை?"

"வால்வை. அறுத்துக்கறேன். அஞ்சு வருஷம் வேணுமில்ல?"

அந்தச் சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள். என்னை ஜெயித்தவர்கள் என் வாழ்நாளில் குறைவு.

திரும்பி வரும்போது பெட்டி மறுபடியும் மேலே ஏறியது. புதிய இடத்தின் எண்ணைக் கொசிமோ ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதை அவள் உள்பாடிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் பாதுவா ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சைப் பிளந்தார்கள். முந்தின நாள் ராத்திரி முழுக்க என் கையை விடவே இல்லை, ஆனாலும் போனாள். அதற்குப் பிறகு அவள் இருந்த இருப்பு வேறு. உப்பை விட்டாள், பன்றிக்கறி வற்றலை விட்டாள். மழையானாலும் ஆற்றுக் கரைமேல் தினமும் ஒரு மணி நேரம் நடந்தாள். ஊர் சிரித்தது. "எழுபதை நெருங்குறவளுக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்களா?" என்று மீன்காரி கேட்டாள். "ஆமா, டூரின்ல" என்றாள் இவள்.

நகரசபை ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு காகிதம் எழுத வைத்தாள். தனக்கு ஏதாவது ஆனால் அண்ணனைக் கொண்டுவர நீவெஸுக்கு உரிமை என்று. "உன்னைவிட பத்து வயசு மூத்தவடி நான், எம்பேரையா போடறே?" என்று கேட்டேன். "உனக்கு எமன்கிட்டயும் சண்டை போடத் தெரியும்" என்றாள். என் பெயரை மட்டும் எனக்கு எழுதத் தெரியும். எழுதினேன்.

நாலு வருஷம் ஓடியது. ஐந்தாவது வருஷம் ஜனவரியில் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியது. வால்வு கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. பதினோரு நாள் கிடந்தாள். கடைசியில் பேச்சு வரவில்லை, விரலால் மட்டும் இரண்டு என்று காட்டினாள். இரண்டு மாதம்தான் பாக்கி இருந்தது. எனக்குப் புரிந்தது. "போறேன்டி, போறேன்" என்றேன். அவள் கண்ணை மூடின பிறகு வீட்டுக்கு வந்து கோபத்தில் ஒரு தட்டை உடைத்தேன். எரித்துவிடு என்று நான் சொன்னதைக் கேட்டிருந்தால் அண்ணன் அப்போதே வந்திருப்பான். ஆனால் அந்த நாலரை வருஷம் அவள் இருந்திருப்பாளா? இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. தெரிந்தது மாதிரி பேசுகிற சாமியாரை நான் நம்புவதும் இல்லை.

மார்ச்சில் எண்பத்தோரு வயசில் தனியாகப் போனேன். அதே மாதிரி நாலு வண்டிதான். பெட்டியைக் காய்கறி வாங்கப் போகிற சக்கர வண்டியில் கட்டி இழுத்தேன். டிக்கெட்டுகளை எல்லாம் முந்தின நாளே பிரித்து அடுக்கி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாரையாவது பிடித்துக் குத்த வைத்தேன். கொசிமோ ஓய்வு பெற்றுவிட்டாராம். வேறு ஆட்கள் தோண்டினார்கள். மூடியைத் தூக்குகிற வரைக்கும் நான் மூச்சே விடவில்லை.

ஆகியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்து வைத்தார்கள். மண்டையை வைக்கும்போது அந்த ஆள் இரண்டு கையாலும் பிடித்தான், அது எனக்குப் பிடித்திருந்தது. பெட்டியை ஈயம் பற்றவைத்து மூடி, எடுத்துப்போக அனுமதிக் காகிதத்தையும் கையில் கொடுத்தார்கள்.

பியாச்சென்சாவில் கூட்டம் ஏறியது. நல்ல கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் என் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டியை மேல வையுங்களேன், நான் உட்காரணும்."

"இங்க ஆள் இருக்கு."

"ஆளா? யாரு?"

"ஒரெஸ்தே பெல்லெத்தாத்தோ. வார்ப்பு வேலைக்காரர். அறுபத்திரண்டு வருஷம் கழிச்சு வீட்டுக்குப் போறார்."

அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மொதெனா வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். இறங்கும்போது அவருக்கு நல்ல பயணம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் எங்கள் ஊர்க் கல்லறையில், அம்மாவையும் மகளையும் வைத்திருந்த சுவர் மாடத்தின் கல்பலகையைக் கொத்தனார் ரீனோ எடுத்தான். அம்மாவின் பெட்டிக்கும் ஆர்ஜியாவின் பெட்டிக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. ஒரெஸ்தேயை அதில் தள்ளி வைத்தான். சாமியார் ஜெபத்தைப் பாதி விழுங்கிவிட்டுக் கிளம்பினார்.

"இன்னும் ஒரு சின்னப் பெட்டிக்கு இடம் இருக்கு" என்றான் ரீனோ. "உங்களுக்கு வேணுமா பாட்டி?"

"எனக்கு எம்புருஷன் பக்கத்துல இருக்கு. வேலையைப் பாருடா, சிமெண்டு காயுது."

அவன் பூசினான். ஓரத்தில் ஒரு இடம் சரியில்லை என்று திரும்பப் பூச வைத்தேன். அது காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.