கம்பும் நீலக் கரைசலும்

போன வாரம் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் மாவு மில்லில் இரண்டு படி கம்பை நீட்டினேன். "இன்னாம்மா, உமி எடுத்து ஒடைக்கணுமா, அப்படியே போட்டுடவா?" என்றார் மில்காரர். சாதாரணக் கேள்விதான். ஆறு வருடம் முன்னால் யாராவது இதைக் கேட்டிருந்தால் ஒரு பொய்யிலிருந்து தப்பித்திருப்பேன்.

அப்போது ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். அம்மா போனபின் அச்சரப்பாக்கத்தில் தனியாக இருந்த அப்பா, சர்க்கரை வியாதியோடு என்னிடம் வந்துசேர்ந்தார். அரிசியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஏரிப் பாசன ஊர்க்காரர்கள் நாங்கள். நெல்லைத் தவிர வேறு தானியம் வீட்டுக்குள் வந்ததில்லை. எனக்கோ எதற்கும் பட்டியல் வேண்டும். கம்புக்கும் போட்டேன்: ஊறல் எட்டு மணி, தண்ணீர் மூன்று பங்கு, குக்கரில் ஐந்து விசில். வந்தது ஈர மணல். அப்பா வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, "நல்லாத்தான் கீது கண்ணு" என்று பாதியில் எழுந்துவிடுவார்.

பக்கத்துப் போர்ஷனில் கஸ்தூரி, என் வயது நர்ஸ். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பெண். அவள் அம்மா கருவாட்டுக் கூடையோடு திருக்கழுக்குன்றம் பக்கம் போய், பதிலுக்குக் கம்பு வாங்கி வருவாராம். ஒரே ஊசியில் கஸ்தூரியின் கொண்டை நாள் முழுக்க நிற்கும். எனக்கு ஆறு ஊசி. அதையே பொறுக்காதவள் நான். அவள் கொண்டுவந்த கம்பஞ்சோற்றை நெத்திலிக் கருவாட்டோடு தின்று, அப்பா கிண்ணத்தை வழித்தார். "நாளைக்கும் கீதா கண்ணு?" அந்தக் கண்ணு எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

அளவு கேட்டேன். "அளவு இன்னாத்துக்குப்பா? கையி பார்த்துக்கும்" என்று சிரித்தாள். மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

தினம் காலையில் அப்பாவின் சிறுநீரில் எட்டுச் சொட்டை நீலக் கரைசலில் விட்டுக் கொதிக்கவைப்பேன். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம், ஆரஞ்சு மோசம். என் சமையலுக்கு எப்போதும் ஆரஞ்சு. (தெருமுனை ஹோட்டலில் அவர் பூரி தின்றது பிறகு தெரிந்தது.) கஸ்தூரி கொடுத்த நான்காம் நாள், குழாயில் அழகான பச்சை.

"இன்னா கலரு?" என்றார். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது.

"ஆரஞ்சுதாம்பா."

அன்று கிண்ணத்தோடு வந்த கஸ்தூரியிடம், "வேணாம் கண்ணு, ஒடம்புக்கு ஆவல" என்றார். அப்போதும் கண்ணு. அவள் கிண்ணத்தையே பார்த்தபடி என்னிடம் கேட்டாள்: "உமி சரியாப் போவலியோ? தண்ணி தெளிச்சு நாலு தபா குத்திப் புடைச்சேனேப்பா."

கம்புக்கு உமி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. குத்தாமல் ஒருத்தி வேகவைப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் நானே குத்தி, புடைத்து, ஆக்கினேன். அப்பா வழித்துத் தின்றுவிட்டு, "கஸ்தூரி குடுத்துச்சா?" என்றார்.

"நான்தாம்பா."

"அது கையி மாதிரியே கீது."

மறுநாள் பச்சை. அதை மட்டும் சொன்னேன்; முந்தைய பச்சையைச் சொல்லவில்லை.

கஸ்தூரி மாற்றலாகிப் போய்விட்டாள். அவர்கள் குப்பத்துக்கு மீன் ஏற்ற ஐஸ் வண்டி வருகிறது; கருவாடு போட மீன் மிஞ்சுவதில்லை. கருவாடு கொடுத்துக் கம்பு வாங்குவார் இல்லை. அப்பா போன ஆவணியில் போய்விட்டார்.

"உமி எடுத்துடுங்க" என்றேன் மில்காரரிடம். சோறு நன்றாகவே வந்தது. அலமாரியில் நீலக் கரைசல் அரை பாட்டில் மிச்சம் இருக்கிறது. இன்னா கலரு என்று கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.