தட்டு கழுவி வைத்த பேய்

ஓசூரில் எங்கள் வீட்டு மாடியறையில் பேய் இருக்கிறது என்று மனைவி அறிவித்தபோது எனக்கு வந்தது பயமல்ல, உற்சாகம். தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் ஆயுள் முழுக்க விசாரணை நடத்தியவன் நான்; ஓய்வு பெற்றபின் விசாரிக்க ஆளே கிடைக்கவில்லை.

மாடியறையை ஓர் இளைஞனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்பு, ஒருவருக்கான ஒப்பந்தம், எல்லாம் முறைப்படி. காலை ஷிப்டுக்கு அவன் கம்பெனி பஸ் ஏறுவதை வாக்கிங் போகையில் நானே பார்ப்பேன். ஆனால் அவன் போனபிறகும் மேலே குழாய் திறந்தது, கட்டில் கிறீச்சிட்டது. ஒருநாள் நண்பகலில், காலையில் போட்டுப் போன அதே நீலச் சட்டையில் அவன் மொட்டைமாடியில் முதுகைக் காட்டி நிற்பதை இருவரும் பார்த்தோம். உடனே போன் செய்தேன். இயந்திர இரைச்சலுக்கு நடுவே, "கம்பெனியில லைன்ல வேலையா இருக்கேன் சார்" என்றான்.

எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் பேய்க்கு அவர்கள் சொல்லும் 'தெவ்வ' என்ற ஒரே சொல்லில் தீர்ப்பளித்தாள். மனைவி பெட்டி கட்டினாள். சனிக்கிழமை மகன் காரோடு வருவான், இனி பெங்களூரிலேயே இருந்துவிடலாம் என்றாள். அங்கே செய்தி பார்க்கக்கூட நான் பேத்தியிடம் அனுமதி வாங்க வேண்டும். பேயைத் தீர்க்காவிட்டால் நான் தீர்ந்தேன்.

அதுவரை பேயைப் பட்டினி போடக்கூடாதென்று மனைவி தினமும் மாடிப்படியில் சோறு வைத்தாள். மாலையில் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். மோந்து பார்த்தேன், எலுமிச்சை சோப்பு. எந்தப் பேயும் கடைக்குப் போய் பாத்திர சோப்பு வாங்காது.

வெள்ளிக்கிழமை பகலில் மாடியேறினேன். வாடகை அறைக்குள் நுழைய முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே கதவைத் தட்டி, வந்த நோக்கத்தையும் உரக்கச் சொன்னேன். கீழே மனைவி விபூதியோடு நின்றாள். நெஞ்சு படபடத்தது, இத்தனை சந்தோஷமாக அது படபடத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கதவு திறந்தது. லுங்கியும் தூக்கக் கலக்கமுமாக வேறோர் இளைஞன். என்னைக் கண்டதும் கும்பிட்டான். முதலாமவனின் ஊர்க்காரனாம். அதே கம்பெனியில் இரவு ஷிப்ட், அதே சீருடை. நான் வாக்கிங் போகும் நேரத்தில் வருவான். நாங்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் இறங்கிப் போவான். ஒரே கட்டில், இரவில் அவனுக்கு, பகலில் இவனுக்கு.

"காலி பண்ணச் சொல்லிடாதீங்க சார். நானே இங்க பயந்துக்கிட்டுதான் இருக்கேன். நான் இருக்கறதே யாருக்கும் தெரியாது. அப்புறம் படியில தெனமும் சோறு யாரு வெக்கிறா?"

"பயந்தவன் ஏன் தின்னே?"

"பசி சார்."

"தட்டக் கழுவி வெச்சது?"

"அது கோவிச்சுக்கக் கூடாதுல்ல."

மனைவி அதற்குள் மேலே வந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தட்டும் கழுவாத என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இருக்கட்டுங்க. மகனுக்குப் போன் போட்டு கார் வேண்டாம்னு சொல்லிடுங்க."

இரண்டாவது ஆதார் நகலை அன்றே வாங்கிவிட்டேன். எதிர்வீட்டு அம்மாளிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. மாலையானால் கேட்டருகே வந்து, பேய் இன்றைக்கு என்ன செய்தது என்று ஆவலாகக் கேட்கிறாள்.

"நல்லா தூங்குச்சு" என்கிறேன்.