‘உங்க பேரு எங்கயும் வராதுங்க!’

பதினைந்து வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். ஊட்டியில் ஆராய்ச்சி மாணவர்களுக்காக நடந்த பத்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். சமூகப்பணித் துறையில் பிஎச்.டி. சேர்ந்து எனக்கு அது இரண்டாவது வருடம். களத்துக்குப் போய் மக்களிடம் எப்படிப் பேட்டி எடுப்பது, எடுத்ததை எப்படி எழுதுவது என்பதுதான் பயிற்சி. இந்த மாதிரிப் பயிற்சிகளில் கொடுக்கும் சான்றிதழ் எங்களுக்கு உயிர் மாதிரி. நாளைக்கு உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கோப்பில் முன்னால் நிற்பது அதுதான். எனக்குப் பல்லடம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் முதல் பட்டதாரி நான். தேர்வாகிவிட்டேன் என்று கடிதம் வந்த அன்றைக்கே ஸ்வெட்டர் வாங்க அம்மாவும் நானும் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டோம்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு மூத்த பேராசிரியை. நல்லவர்தான், ஆனால் கறாரானவர். சம்மதம் வாங்காமல் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது, பேட்டி கொடுப்பவரின் பெயரை எந்தத் தாளிலும் எழுதக் கூடாது, எண் மட்டும்தான் போட வேண்டும், இதைப் பேட்டிக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முதல் நாளே மனப்பாடம் செய்ய வைத்தார். அவர் கொடுத்த படிவத்தில் ‘தங்கள் பெயர் எவ்விடத்தும் பதிவு செய்யப்படமாட்டாது’ என்று இருந்தது. இப்படிச் சொன்னால் தோட்டத்தில் யாருக்குப் புரியும், மக்கள் பாஷையில் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். நான் சும்மா இருப்பேனா? முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து நின்று, “உங்க பேரு எங்கயும் எழுத மாட்டோமுங்க. பேரே வராதுங்க” என்றேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பலகையில் எழுதிப் போட்டு, எல்லாரும் இதையே சொல்லுங்கள் என்றார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி மூன்று நாள் களப்பணி. கூடலூரில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, பந்தலூர் பக்கம் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப்புகளில் போய்வருவதாக ஏற்பாடு. அந்தத் தோட்டத்தில் பெரும்பாலும் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். நாங்கள் போன அன்று விடிந்ததிலிருந்து மழை. கொழுந்து எடை போடும் தகரக் கொட்டகையில் எங்களுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களை மேஸ்திரி ஒவ்வொருவராக மேலே அனுப்பிவைத்தார்.

ஆரம்பத்திலிருந்தே ஏதோ சரியில்லை. சிரித்துக்கொண்டே வந்து உட்காரும் பெண்கள் எங்கள் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் சுருங்கிப் போனார்கள். கேட்ட கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில், கண்ணெல்லாம் வெளியே. இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். கூச்சம் என்று நினைத்தேன். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நோட்டில்கூட எழுதி வைத்தேன்.

ஏழாவதாக ஓர் அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கு, தலையில் மழைக்குக் கொங்காணி மடித்துப் போட்டிருந்தார். காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிப்போயிற்று.

“அப்ப இன்னைக்குப் பேரு இல்லையா புள்ள?” என்று கேட்டார்.

பயப்படுகிறார், தைரியம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “சத்தியமா இல்லைங்க அக்கா. இங்க வந்து உக்கார்ற ஒருத்தரு பேரும் வராதுங்க.”

“மேஸ்திரிக்குத் தெரியுமா?”

“அவருகிட்ட மொதல்லயே சொல்லீட்டோமுங்க.”

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது. அவர் இரண்டு நிமிடம்கூட உட்காரவில்லை. “நான் போறேன் புள்ள. வெரசாப் போனா கொஞ்சமாச்சும் எடுத்துருவேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். பாதை வழியாகப் போகாமல், செடிகளுக்கு நடுவே குறுக்கே இறங்கி ஓடினார். நான் தாளில் ‘எண் 7, பெண், பாதியில் விலகினார்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோதே கீழேயிருந்து அலறல் கேட்டது.

தண்ணீர் போக வெட்டியிருந்த ஆழமான வாய்க்காலில் வழுக்கி விழுந்திருந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கம்பளியைக் கழியில் தொட்டிலாகக் கட்டி நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் வந்த ஜீப் ஒன்றிலேயே கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சரிவில் என்னால் நிற்கக்கூட முடியவில்லை. அதில் அவர் ஏன் ஓடினார் என்று அன்று முழுக்க எனக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் காலை, தோட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லாட்ஜிலிருந்து பத்து நிமிட நடை. அந்த அக்கா மருந்து மயக்கத்தில் கிடந்தார். வார்டு வாசலில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரப் பெண் உட்கார்ந்திருந்தார். அவரும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தார்.

“இன்னைக்குப் பேரு இல்லேன்னு சொன்னது நீங்கதானே? ஒங்க வாயாலதானே சொன்னீங்க?”

 பேட்டி கொடுப்பவரின் பாதுகாப்புக்காகப் பெயரை எழுத மாட்டோம், அதைத்தான் சொன்னேன் என்று விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்களுக்குப் பேருன்னா நாளு புள்ள. ஒரு நாளு வேலை செஞ்சா ஒரு பேரு. கொழுந்து கொறைஞ்சா அரைப் பேரு. படிச்ச புள்ளைங்க வந்து பேரே கெடையாதுன்னு சொன்னா, பதறிக்கிட்டு ஓட மாட்டாளா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது மாணவர்கள் காலையிலிருந்து அத்தனை பெண்களிடமும் ‘நீ இங்கே உட்கார்ந்தால் இன்றைய வேலை கணக்கில் சேராது’ என்று சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறோம். அந்த வாக்கியம் என்னுடையது. மக்கள் பாஷை என்று மார்தட்டிக்கொண்டது என் ஊர் பாஷை. அவர்கள் பாஷையை நான் ஒரு நாள்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

அத்தோடு போகவில்லை. அந்த அக்காவின் புருஷன் இறந்து ஆறு வருடம். அக்கா வேலைக்குப் போகும்வரைதான் தோட்டம் கொடுத்த லைன் வீடு அவருக்கு. இடுப்பு ஒடிந்தவர் இனி கொழுந்து எடுக்க முடியாது. வேலை நேரத்தில் அடிபட்டது என்று எழுதினால் வைத்தியமும் நடக்கும், வீட்டையும் உடனே காலிசெய்யச் சொல்ல முடியாது. ஆனால் ஆபீசில், யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர் வழியில் விழுந்துவிட்டார் என்று எழுதிவிட்டார்களாம். பேட்டிக்கு அனுப்பியவரே மேஸ்திரிதான். தன் வேலை போய்விடும் என்ற பயத்தில் அவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாராம்.

“மேஸ்திரி அனுப்பித்தான் அவ ஒங்ககிட்ட வந்தான்னு ஒரு தாளுல எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம். வெளியாளு சொன்னா ஆபீசுல மறுக்க முடியாது” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அதற்குள் அந்த அக்காவும் கண் விழித்திருந்தார். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. “எழுதிக் குடுப்பியா புள்ள?” என்று மட்டும் கேட்டார்.

“கண்டிப்பா தர்றேனுங்க அக்கா. சாயந்திரமே கொண்டாறேன்” என்றேன்.

நேராகப் பேராசிரியையிடம் போனேன். நடந்ததைக் கேட்டு அவரும் அதிர்ந்துதான் போனார். ஆனால் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பேட்டிக்கு வந்தவர் யார் என்று நாமே வெளியில் சொல்வது விதிமீறல். தோட்டத்தோடு தகராறு என்று வந்தால் பயிற்சியே ரத்தாகிவிடும், யாருக்கும் சான்றிதழ் கிடைக்காது, என் வழிகாட்டிக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். பேட்டித் தாள்களையெல்லாம் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். அதில் இருந்தாலும் என்ன, வெறும் எண் 7தானே!

அந்தத் தாள் எனக்குத் தேவையே இல்லை. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் போதும். விதி இருப்பது அந்த அக்காவைக் காப்பாற்ற. அவரே வாய்விட்டுக் கேட்கும்போது விதி எங்கே தடுக்கிறது? இந்தக் கேள்வி அந்த நிமிடமே எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நான் கேட்கவில்லை. “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று நான் வாயை மூடிக்கொண்டு பிழைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஜீப் அந்த வழியாகத்தான் போகும். நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். தோட்டத்துக்குப் பதிலாக வேறு ஒரு கிராமத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். அங்கே என் வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை, படிவத்தை வாசித்துக் காட்டினார்கள். கடைசி நாள் சாயங்காலம் ஊட்டிக்குத் திரும்பி எல்லாருமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். இந்தப் பயிற்சி உங்களுக்கு எந்த அளவு பயன்பட்டது என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். ‘மிகவும்’ என்பதில் டிக் அடித்தேன். சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டே நாலு மாதம் ஓடிவிட்டது. கார்த்திகையில் ஒருநாள், வருவது வரட்டும் என்று இரண்டு பக்கத்துக்கு நடந்ததை எழுதி, முழு முகவரியோடு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு கூடலூருக்குப் பஸ் ஏறினேன்.

லைனில் அந்த அக்காவின் வீட்டு வாசலில் வேறு யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்தான் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார், பால் இல்லாத சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அந்தக் கரிசனத்தைத் தாங்க எனக்குத் திராணி இல்லை. ஆபீசில் விஷயத்தை முடித்துவிட்டார்கள், வீட்டைக் காலிசெய்து இரண்டு மாதமாகிறது, கீழ்நாட்டில், மலைக்குக் கீழே எங்கேயோ இருக்கும் தூரத்து உறவு ஒருவர் வந்து வேனில் படுக்கவைத்துக் கூட்டிப்போனார், எந்த ஊர் என்று சரியாகத் தெரியாது என்றார். நான் நீட்டிய தாளை வாங்கினார். படிக்கத் தெரியாததால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அவ ஒங்கள ஒரு வார்த்த திட்டல புள்ள” என்றார். “நாங்கதான் திட்டுனோம். அந்தப் புள்ள சொல்லிட்டுப் போயிருக்கு, வந்துரும்னு ஆஸ்பத்திரில இருந்த மட்டும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. யாரு செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையத் தூக்கிப் பாப்பா.”

அதன் பிறகு விசாரித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று ஊர்களுக்குக் கடிதமும் போட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று நானே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் இரண்டு நாள் எந்தக் கேள்வியும் கேட்காமல் அங்கே பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். அந்த ஊரில் எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். மாணவர்கள் இதை நல்ல முறை என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. வார்த்தை தெரியாமல் செய்தது பிசகு, அதை யாரும் மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்த பிறகும், பத்து நிமிட நடையில் ஒருத்தி வாசலைப் பார்த்துக் கிடக்கும்போது, நான் லாட்ஜிலேயே இருந்துகொண்டேனே, அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.