கொதிகலனில் எரிந்த அகராதி

1968-ல் எங்கள் செக் நாட்டுக்குள் ரஷ்யப் படை வந்தது சரிதான் என்று எழுதிக் கையெழுத்திட மறுத்ததால், ஒலொமோட்ஸ் பள்ளியில் எனக்கு லத்தீன் கற்பித்த லிபுஷே டீச்சருக்கு வேலை போயிற்று. ஆஸ்பத்திரிக் கொதிகலனுக்குக் கரி அள்ளினார். அவர் பெயர் அச்சில் வரவும் தடை.

அந்நாளில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தடை விழுந்தவர் எழுதுவார், தடை விழாத நண்பர் தன் பெயரைக் கொடுப்பார். டீச்சருக்குப் பெயர் கொடுத்தவர் பள்ளியில் உடன் வேலைபார்த்த எவ்ஷென். செக் மொழிக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களின் அகராதி அப்படித்தான் எவ்ஷென் பெயரில் வெளிவந்தது.

டீச்சருக்குப் பிரியமான சொல் 'க்ளிமா'. கிரேக்கத்தில் அதற்குச் சரிவு என்று பொருள். பிறகு பூமியின் சரிவில் அமைந்த நாடு, கடைசியில் அந்நாட்டின் தட்பவெப்பம். தமிழில் வேற்றுமை ஏறினால் மரம், மரத்தை ஆவதுபோல இதற்குள்ளும் ஒரு 'த்' ஒளிந்திருக்கிறது. கிரேக்கத்தில் க்ளிமாதொஸ், லத்தீனில் க்ளிமாதிஸ். செக் மொழி லத்தீன் வாலை வெட்டிவிட்டுத் தன் வாலை ஒட்டி 'க்ளிமாது' என்றது. 'த்' மட்டும் சாகவில்லை.

எவ்ஷென் தன் கையெழுத்தில் படியெடுத்ததும் மூலத்தை டீச்சர் கொதிகலனில் போட்டுவிடுவார். போலீஸ் சோதனையில் எவ்ஷென் மாட்டக்கூடாதே.

"கரியைவிட உங்க கிரேக்கம் நல்லா எரியுது டீச்சர்" என்பான் கொதிகலனில் கூட வேலைசெய்த வொய்த்யேக்.

ஆட்சி மாறியது. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது எவ்ஷென் இறந்திருந்தார். அகராதி மறுபதிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சாவதற்குள் தன் பெயரை அதில் பார்க்கவேண்டும் என்றார் டீச்சர். பதிப்பகம் ஆதாரம் கேட்டது. பதிப்பகம் ஏற்கக்கூடிய சாட்சி எவ்ஷெனின் மனைவி யார்மிலா ஒருவர்தான். அவர் கசகசா கேக்கோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"அவரு ஒரு வரிகூட எழுதலைன்னு ஊரே சிரிக்கும், டீச்சர்."

"ரெண்டு பேரையும் போடச் சொல்றேன், யார்மிலா."

"அவரு பேரைக் கொடுத்துட்டாரு. அந்தக் காலத்துல கதவு தட்டுற சத்தம் கேட்டாலே போலீஸோன்னு எனக்குக் குலை நடுங்கும். உங்களுக்கென்ன, எரிச்சிட்டு நிம்மதியா இருந்தீங்க."

"அவருக்காகத்தானே எரிச்சேன்."

"அப்ப இதையும் அவருக்காக விட்டுடுங்க. என்னைக் கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்வேன்."

பதிப்பகத்திடம் அப்படியே சொன்னார்.

புத்தகம் வந்தபோது டீச்சர் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நுரையீரலெல்லாம் கரித்தூள். அட்டையில் எவ்ஷென் பெயர் மட்டும். அதைப் பார்க்காமல் 'க்ளிமா'வைத் தேடி மெல்லப் படித்தார்.

"அச்சுப்பிழை இல்ல" என்றார். மூடினார்.

கட்டிலோரத்து வெப்பக்குழாயைத் தொட்டுப்பார்த்தார்.

"சில்லுனு கிடக்கு. கீழ எவனோ கரி போட மறந்துட்டான். போய்ச் சொல்லிட்டு வா."