முழுக்கைச் சட்டைகள்

அந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் எதிலிருந்தாவது விழுந்தவர்கள். மாமனார் சின்ன வயதில் மாடிப்படியிலிருந்து விழுந்தாராம். புருஷன் சைக்கிளிலிருந்து. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு புடைத்திருப்பதும், இடது கை குட்டையாகக் கோணியிருப்பதும் அதனால்தானாம். தையல்காரி மருமகள் அதை அப்படியே நம்பினாள். இருவருக்கும் முழுக்கைச் சட்டை தைக்கும்போது இடது கையை மட்டும் சற்றுக் குறைத்து வெட்டிவிடுவாள். போட்டால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் கைவரிசையில் இவளுக்குப் பெருமை வேறு!

மகளுக்கு முட்டியிலும் மணிக்கட்டிலும் எலும்பு முண்டுமுண்டாக முளைத்தபோது பழி முழுக்க இவள் தலையில் விழுந்தது. "எந்நேரமும் மிஷினையே கட்டிக்கிட்டு அழுதா பிள்ளை கீழ விழாம என்ன பண்ணும்?" என்றார் மாமனார், நாக்கூசாமல். புருஷன் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான். குழந்தை எப்போது விழுந்தது, தான் எங்கே போயிருந்தோம் என்று யோசித்து யோசித்து இவள் அழுததுதான் மிச்சம்.

எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது விழுந்து வர்றது இல்லைம்மா. எலும்பு வளர்ற முனையில குருத்தெலும்பு மூடின முண்டு. பெரும்பாலும் பரம்பரையா வரும். உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா? இருந்தா அவங்களையும் பாக்கணும். பெரியவங்களுக்கு அபூர்வமா கேன்சரா மாறிடும்."

"எங்க வீட்ல யாருக்கும் கிடையாது," என்றான் புருஷன். சொல்லும்போதே சட்டையின் இடது கைப்பட்டியைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான்.

இவள் தைத்த பட்டி. இவள் குறைத்து வெட்டிய கை. இத்தனை வருஷம் அவர்கள் பொய்க்கு இவளே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்! குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ்ஸில் குழந்தை மெதுவாகக் கேட்டது. "அப்போ நான் விழவே இல்லையாம்மா? தாத்தா நான் ஆட்டம் போட்டுத்தான் வந்துச்சுன்னாரே?"

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. அலமாரியிலிருந்த ஆண்கள் சட்டைகளை அள்ளி மேஜையில் போட்டாள். பெரிய கத்தரியை எடுத்தாள்.

மாமனார் குளித்துவிட்டு வந்து சட்டையை விரித்துப் பார்த்தார். "என்னம்மா இது, கையெல்லாம் எங்கே?"

"குழந்தை விழலையாம் மாமா. நீங்களும் விழல, உங்க பிள்ளையும் விழல." கடைசிச் சட்டையின் கையையும் முழங்கைக்கு மேலே வெட்டிப் போட்டாள். "நாளைக்கு ரெண்டு பேரும் இதையே போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டரம்மா பாக்கட்டும்."